என் காதில் விழுந்தது

திண்டிவனம்,
30-3-1986

அரங்கன் துணை.

ஜாம்ஷெட்பூரில் வாழும் நண்பர் சவுரிராயன் அவர்களுக்கு, ஒரே பள்ளியில் உடன் பணியாற்றிய தமிழாசிரியன் அரங்கநாதன் கைகூப்பி எழுதுவது. தாங்களும் தங்கள் துணைவியார் காந்திமதியும் நலமாயிருக்க அனுதினமும் வேண்டுகிறேன். அப்படி வேண்ட எனக்கு உரிமை உண்டா என்பதைப் படித்து முடித்தபின் தாங்களே முடிவு செய்யுங்கள்.

இங்கே மல்லாட்டை பிடுங்கத் தொடங்கிவிட்டார்கள், தெருவெல்லாம் பச்சை வேர்க்கடலை. எனக்கு இடக்கண்ணில் புரை. எழுத்து கோணியிருந்தால் பொறுத்தருள்க.

ஆசிரியர் அறையில் தாங்கள் சாக்ரடீஸ் என்னும் கிரேக்கப் பெரியவரைப் பற்றிச் சொல்வது நினைவிருக்கிறதா? வாயை மூடிக்கொண்டால் உயிர் பிழைக்கலாம் என்ற நிலையிலும் நீதிமன்றத்தில் மெய்யையே பேசினார் என்பீர்கள். இதெல்லாம் நம் புராணங்களில் இல்லாததா என்று நான் கேட்டேன். "இருக்குதுங்க ஐயா. ஆனா அந்தாளு ஊர கேக்கறதுக்கு மின்னாடி தன்னத்தான் கேட்டுக்கினாரு, எனக்கு இன்னா தெரியும்னு" என்றீர்கள். நான் சிரித்தேன். பாசுரங்கள் அத்தனையும் மனப்பாடமானவன் தன்னை ஏன் கேட்டுக்கொள்ள வேண்டும்?

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஐப்பசி மழையில் ஏழாம் வகுப்பின் ஓட்டுக்கூரை விழுந்து, முனியம்மாளின் மகள் அம்மணி இறந்தாள். அதற்கு இரண்டு நாள் முன்னர், நண்பகலில், தாளாளர் வெங்கடாசலத்திடம் தாங்கள் சொன்னீர்கள்: "உத்தரம் எறங்கிக்கினு வருதுங்க. பசங்கள அங்க உக்கார வெக்க வேணாம்." அவர், "மழ உடட்டும், பாத்துக்கலாம் போய்யா" என்றார். விசாரணையிலோ, வகுப்பைப் பூட்டச் சொல்லியும் தாங்கள்தான் பிள்ளைகளை உட்கார வைத்தீர்கள் என்று சாதித்தார். அன்று தாழ்வாரத்தில் மூன்றாவது ஆளாக இருந்தவன் நான் ஒருவனே.

என்னைக் கேட்டார்கள். "அப்போது நான் ஜபத்தில் இருந்தேன்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அது மெய், பொய் பேசவில்லை என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். நாமம் சொல்கிறவன் காதில் ஊர்ப்பேச்சு விழாது என்பதை நம்பி, ஒருவரும் மறுகேள்வி கேட்கவில்லை. தங்களுக்கு வேலை போயிற்று. அடுத்த ஆனியில் என் மகள் கிருஷ்ணவேணிக்கு அதே பள்ளியில் வேலை கிடைத்தது.

அன்றுமுதல் கண்ணை மூடி உட்கார்ந்தால் நாமம் வருவதில்லை. உத்தரம் இறங்குவதைச் சொல்லும் தங்கள் குரல்தான் வருகிறது.

சென்ற மாதம், விசாரணை நடத்திய விழுப்புரம் கல்வி அலுவலகத்துக்குப் போய், கேட்டதையெல்லாம் எழுதி நீட்டினேன். குமாஸ்தா, "ஃபைலு மூடி ரெண்டு வருசம் ஆச்சி பெரியவரே. வெயில்ல இன்னாத்துக்கு அலையறீங்க? வூட்ல குந்திக்கினு ஜபம் பண்ணுங்க" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு மூளை குழம்பிவிட்டதாக வெங்கடாசலம் கடைத்தெருவில் சொல்லி வருகிறார். கிருஷ்ணவேணி சோறு போடுகிறாள். என் முகத்தைப் பார்ப்பதில்லை.

மறுநாள் ஒலக்கூருக்குப் போய் முனியம்மாளைக் கண்டேன். அந்தத் தெருவில் நான் கால் வைத்தது அதுவே முதல்முறை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வைவாள் என்று காத்திருந்தேன். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "அந்த சாரு எம்பொண்ணுக்குப் போட மால எடுத்துக்கினு வந்தாரு சாமி. மண்ண வாரி மூஞ்சில எறிஞ்சேன். தொடச்சிக்கினு போயிட்டாரு. நீங்க அன்னிக்கே சொல்லியிருந்தா எறிஞ்சிருப்பனா?" என்றாள்.

அஞ்சுகிறவன் நான் என்பதை அங்கேதான் அறிந்தேன்.

அவள் தங்களுக்குச் சொல்லியனுப்பிய சேதி இது: "ஐப்பசில அவ செத்த நாளு வருது. அன்னிக்குப் போடாத மாலய சாரு வந்து போடட்டும்." தட்டாமல் வாருங்கள். விழுப்புரத்தில் வாங்க மறுத்த தாளை இத்துடன் வைத்துள்ளேன். என் கையெழுத்து அதில் இருக்கிறது. யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள்.

ஒலக்கூர் நிலையத்தில் இறங்கும்போது நடைமேடைக் கோடியில் ஒரு கிழவன் நின்றால், காணாததுபோல் நடந்துவிடுங்கள். போகிற போக்கில் யாரிடமாவது ஏதேனும் பேசுங்கள். தங்கள் குரல் என் காதில் விழுந்தால் போதும்.

தங்கள் குடும்பத்தைத் தாங்கள் தொழும் தெய்வமும் என் அரங்கனும் சேர்ந்து காக்கட்டும்.

அரங்கநாதன்