நாற்றம் கலப்பவனின் தங்கை

மார்ச் 3

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மழை, தையல் மிஷின், மாடிப்படி விளக்கு என்று மூன்று பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் போனால் போகிறதென்று ஒரு வரி: "கீழ்வீட்டு வாத்தியார் 'கேஸ் நாறுதும்மா'னு கதவை இடிச்சு, தானே வந்து திருகை மூடினார், ஒரே தொல்லை." அடிப்பாவி! அதே அறையில் உட்கார்ந்து நீ பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாயா?

இருபத்திரண்டு வருஷமாக இந்த கேஸ் ஆலையில் நான் என்ன வெட்டி முறிக்கிறேன் என்று நினைத்தாய்? கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்தால் அது ஹைட்ரோகார்பன். பெட்ரோல், மெழுகுவத்தி, உன் பிளாஸ்டிக் வாளி எல்லாம் அந்த வம்சம்தான். உன் சிலிண்டரில் இருக்கும் புரொப்பேனும் பியூட்டேனும் அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைகள். எரித்தால் சமையல். கசிந்தால் காற்றைவிடக் கனமாகத் தரையோடு படரும், ஒரு பொறி போதும். அதற்குச் சொந்தமாக வாசனையே கிடையாது. அந்த நாற்றத்தைக் கலப்பதே நான்தான்! உனக்கு எப்படித் தெரியாமல் போனது?

சுற்றி வளைக்காமல் பதில் போடு.

உன் அண்ணன்

மார்ச் 9

அன்புள்ள அண்ணா,

நலம். அண்ணியை ரவிக்கை அளவு அனுப்பச் சொல், எத்தனை தடவை கேட்பது?

போன வருஷம் காய்ச்சல் வந்ததே, அதோடு எனக்கு மோப்பம் போய்விட்டது. பால் கரிந்தாலும் தெரியாது. "திரும்பி வரலாம், வராமலும் போகலாம்" என்கிறார் டாக்டர். உன்னிடம் சொன்னால் வேனோடு வந்து நிற்பாய் என்றுதான் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் விட்டுப் போன பிறகு ஐந்து வருஷம் அங்கும் இங்கும் ஒண்டிக் கிடந்து நான் பிடித்த இடம் இது.

தங்கச்சி

மார்ச் 14

வாலு,

ஒரு வருஷம்! ஒரு வருஷமாக மறைத்திருக்கிறாய்! மாதக் கடைசிச் சனிக்கிழமை வேன் வரும். மூட்டை கட்டி வை. அண்ணி பின் அறையை ஒழித்துவிட்டாள். இனி பேச்சே இல்லை.

அண்ணன்

மார்ச் 18

அண்ணா,

வேனில் வந்தால் கதவு திறக்காது, சொல்லிவிட்டேன். நீ பயப்படுவது புரிகிறது. ஆனால் உன் வீட்டில் எனக்குப் பின் அறை, இங்கே எல்லா அறையும் என்னுடையது. இருப்பதே ஒன்றுதான், இருக்கட்டுமே.

தங்கச்சி

மார்ச் 22

அன்புள்ள வாலுவுக்கு,

வேன் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். அண்ணி திட்டித் தீர்த்துவிட்டாள்: "அவ என்ன சிலிண்டரா, தூக்கிட்டு வந்து இறக்கி வைக்க?"

கேஸ் கசிந்தால் அலறும் கருவி ஒன்று வாங்கியிருக்கிறேன். நீ மாட்டினால் அழகுக்காக மேலே காலண்டர் பக்கத்தில் மாட்டுவாய். அது தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்க வேண்டும். சனிக்கிழமை பஸ்ஸில் நானே வந்து மாட்டிவிட்டு, சாயங்காலமே திரும்பிவிடுகிறேன். மூட்டை கட்டச் சொல்ல மாட்டேன்.

எரிந்து விழுந்ததை மனதில் வைத்துக்கொள்ளாதே. தினமும் இரண்டு தடவை குளித்தாலும் இந்த நாற்றம் என்னை விடுவதில்லை. பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். எங்கேயோ யாரோ ஒருத்தி பிழைத்துக்கொள்வாள் என்று பொறுத்துக்கொண்டேன். அந்த ஒருத்தி என் மனதில் எப்போதும் நீதான். ஊருக்கெல்லாம் எட்டுவது உனக்கு மட்டும் எட்டவில்லையே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உன் அண்ணன்