மாறும் என்று சொன்னேன்

ஜூன் 14, சனி

இன்று என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மச்சினனின் மாங்காய் மண்டிக்குப் போயிருந்தேன். சேத்தூர் மாரியம்மாள் இரண்டு மூட்டை மாங்காய் கொண்டுவந்திருந்தாள்.

"ராசபாளையத்துல தொண்ணூறு கிலோ நின்னுச்சு. இங்க எப்படி எண்பத்தாறு?" என்று கேட்டாள்.

மச்சினன் சிரித்தான். "பூமியோட இழுவை ஊருக்கு ஊரு மாறும்மா. எங்க மச்சான் பிசிக்ஸ் வாத்தியாரு, அவியகிட்டயே கேளு."

மாறுவது உண்மைதான். துருவத்தில் கூடும், நிலநடுக்கோட்டிலும் மலையுச்சியிலும் குறையும். ஆனால் இந்த இரண்டு ஊருக்கு நடுவே ஒரு மாங்காய்க் காம்பின் எடைகூட மாறாது. கோளாறு அவன் தராசில். அது அவனுக்கும் தெரியும்.

"மாறுமா சார்?"

"மாறும்" என்றேன். வீட்டில் சண்டை வருமே என்ற பயத்தில் மிச்சத்தைச் சொல்லவில்லை.

"அப்பச் சரி. எம்மவ ஒங்ககிட்டதான் பதினொண்ணு படிக்கா. நீங்க பொய் சொல்லமாட்டீய" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை வகுப்பில் இந்தப் பாடத்தை எடுத்து, காம்புக் கணக்கையும் சொல்லிவிடலாம். அந்தப் பெண் வீட்டில் போய்ச் சொல்லிக்கொள்வாள்.

நான் விழுங்கியதைச் சொல்ல ஒரு பிள்ளையை அனுப்பப் பார்க்கிறேன். தூ.