இருபத்தாறு சாப்பாட்டுப் பைகள்

அங்கலேஷ்வர், குஜராத்
4 மே 2025

அப்பா,

நான் நன்றாக இருக்கிறேன். காது மிஷினை மறுபடியும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டீர்களாம், மணிமொழி அக்கா சொன்னாள். அதனால்தான் இந்தக் காலத்தில் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். போனில் நான் ஒன்று கத்த, நீங்கள் ஒன்று சொல்ல, அதற்கு இது தேவலை.

பள்ளிக்கூடம் திறக்கிற அன்று வீதிப் பிள்ளைகள் இருபத்தாறு பேருக்கும் என்ன கொடுக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். எல்.கே.ஜி.யிலிருந்து காலேஜ் வரை எல்லோருக்கும் ஒரே பொருள் என்பதே தப்பு. சின்னதுகளுக்குத் தண்ணீர் பாட்டில். கடையில் வைத்தே மூடியைத் திறந்து பாருங்கள். பாதி பாட்டிலைப் பெரியவர்களாலேயே திறக்க முடிவதில்லை. ஆறிலிருந்து எட்டு வரை நல்ல காம்பஸ் ஒன்று, தனியாக. பெட்டியோடு வருகிற காம்பஸின் திருகு ஒரு வாரத்தில் லூசாகிவிடும். பத்து, பன்னிரண்டுக்குப் பரீட்சை அட்டை. ஐ.டி.ஐ. பையனுக்கு ஸ்டீல் ஸ்கேல். காலேஜ் பிள்ளைகளுக்கு சார்ஜர் வயர், வேறு எதையும் அவர்கள் மதிக்க மாட்டார்கள்.

போன வருஷம் மாதிரி சாவிக்கொத்து வேண்டாம். எல்.கே.ஜி. பிள்ளையிடம் எந்த வீட்டுச் சாவி இருக்கிறது?

நெடுமாறன்


பிளாக் 18, நெய்வேலி
11.5.2025

அன்புள்ள தம்பி நெடுமாறனுக்கு அப்பா எழுதுவது. இங்கே அக்கா, மாமா, அபி எல்லோரும் சுகம். வெயில்தான் ஆளைக் கொல்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடு.

உன் பட்டியலைப் பார்த்தேன். இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் மாதிரி இருக்கிறது. ஆளுக்கு ஒன்று கொடுத்தால், 'அவனுக்கு மட்டும் காம்பசா' என்று வீதியில் சண்டைதான் வரும். நம் நிலையையும் யோசி. இது கம்பெனியில் பெர்மனென்ட் வேலைக்காரர்கள் வீதி. நான் பாய்லரை நிறுத்திப் பழுது பார்க்கிற ஷட்டவுன் வேலைக்கு ஊர் ஊராகப் போன கான்ட்ராக்ட் ஃபிட்டர். மருமகன் குவார்ட்டர்ஸில் முன் ரூமில் இருக்கிறவன். வந்த புதிதில் 'யாருங்க அது, செங்குட்டுவன் வூட்ல ஒரு ஆளு' என்றுதான் கேட்டார்கள். இரண்டு ஜூன் மாதம் கேட்டில் நின்று பிள்ளைகளுக்குக் கொடுத்த பிறகுதான் 'தாத்தா' ஆனேன்.

எனக்கு வேறு யோசனை வந்தது. எல்.கே.ஜி.க்கும் பசிக்கும், காலேஜுக்கும் பசிக்கும். எல்லோருக்கும் சாப்பாட்டுப் பை. வடலூரில் பழைய இரும்புக்கடை வைத்திருக்கிற குழந்தைவேல், மூடிப்போன ஏதோ ஒரு ஆலையின் ஸ்டோர் சாமான்களை எடுத்தான். அதில் பாய்லர் துணி, சூடு போகாமல் குழாயில் சுற்றுவோமே அது, ஒரு ரோல், கட்டுப் பிரிக்காதது, வெள்ளை வெளேரென்று. வெளியே காடாத் துணி, உள்ளே இந்தத் துணி, மேலே ஒரு ஜிப். அக்காவின் மிஷினில் தைக்கிறேன். ஏழு மணிக்கு வைத்த சோறு ஒரு மணிக்கும் கையைச் சுடுகிறது.

வெட்டும்போதுதான் பஞ்சு மாதிரி பறக்கிறது. அபிக்கு லீவு. மிஷினுக்குக் கீழேயே உட்கார்ந்து பிசிறு கத்தரிக்கிறாள். தலையெல்லாம் வெள்ளை. 'தாத்தா, எனக்கு நரைச்சிப் போச்சி' என்று ஒரே சிரிப்பு.

உன் அப்பா
சாமிக்கண்ணு


அங்கலேஷ்வர்
17 மே 2025

அப்பா,

தையலை நிறுத்துங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம், முதலில் நிறுத்துங்கள்.

பாய்லர் துணி என்று இரண்டு உண்டு. இப்போது வருவது கண்ணாடி இழை; உடம்பு அரிக்கும், அவ்வளவுதான். பழையது ஆஸ்பெஸ்டாஸ், கல்நார். அதன் பஞ்சு மூச்சில் போனால் நுரையீரலை விட்டு வெளியே வராது. உள்ளேயே கிடந்து, பல வருஷம் கழித்துப் புற்றாகலாம். இங்கே எங்கள் ஆலையில் பழைய குழாய் லைனில் அது கொஞ்சம் இருக்கிறது என்று தெரிந்தாலே ஏரியாவைச் சுற்றிக் கயிறு கட்டிவிடுவார்கள். மூடிப்போன ஆலை, கட்டுப் பிரிக்காத ரோல் என்கிறீர்கள். எனக்கு நம்பிக்கை இல்லை.

நெருப்பில் காட்டிப் பார்க்க வேண்டாம். துணியின் மேல் தண்ணீர் தெளித்து, விரல் அளவு ஒரு துண்டு வெட்டி, ஈரத்தோடு ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பிளாஸ்டிக் கவரில் ஒட்டி அனுப்புங்கள். வதோதராவில் லேப் இருக்கிறது. ரூமைப் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். அபியை உள்ளே விடாதீர்கள். லேப் சொல்லும்வரை ஒரு பையும் வெளியே போகக் கூடாது.

அக்காவிடம் போனில் சொன்னேன். 'நீயே எழுதுடா. நான் சொன்னா, மிஷினத் திருப்பிக் கேக்குறேன்னு நெனச்சிக்குவாரு' என்கிறாள்.

நெடுமாறன்


நெய்வேலி
24.5.2025

தம்பி,

உன் கடிதம் வருவதற்குள் இருபத்தாறும் முடிந்துவிட்டது. வரிசையாக மடித்துக் கட்டிலில் வைத்திருக்கிறேன். பார்க்கவே நன்றாக இருக்கிறது.

நீ படித்தவன், சொல்கிறாய். ஆனால் இந்தத் துணியும், இதே நூலில் முறுக்கிவரும் பாய்லர் கயிறும் எனக்குப் புதிது இல்லை. கயிற்றைக் கையால் பிய்த்து, எச்சில் தொட்டு முறுக்கி, கசியாமல் இருக்க வால்வில் அடைத்திருக்கிறேன். மத்தியானத்தில் துணியையே விரித்துப் படுத்திருக்கிறேன். எனக்கு அறுபத்தேழு நடக்கிறது. மாடிப்படி ஏறினால் இளைக்கிறது, அது வயசு. நீ டிப்ளமா படித்ததும் அந்தக் கயிற்றில்தான், மறந்துவிடாதே.

இருந்தாலும் நீ கேட்ட துண்டை நீ சொன்னபடியே அனுப்பியிருக்கிறேன். ரிசல்ட் வரும்வரை கொடுக்க மாட்டேன். ஆனால் ஜூன் 2 பள்ளிக்கூடம் திறக்கிறது. உன் லேபுக்காகக் காலண்டர் காத்திருக்காது. அதற்குள் சொல்லிவிடு.

ரூமைத் துடைத்துவிட்டோம்.

அப்பா


அங்கலேஷ்வர்
3 ஜூன் 2025

அப்பா,

நேற்று பதினோரு மணிக்கு ரிசல்ட் வந்தது. ஆஸ்பெஸ்டாஸ். உடனே அக்காவைக் கூப்பிட்டேன். காலை ஏழரைக்கே கொடுத்துவிட்டீர்கள் என்றாள். 'பசங்க வந்து கேட்டாண்ட நின்னுக்கினு இருந்தாங்கடா, அப்பாவால முடியல' என்றாள்.

இதற்கு மேல் உங்களைக் குறை சொல்லி நேரத்தை வீணாக்க மாட்டேன். செய்ய வேண்டியதை அக்காவிடம் போனில் சொல்லிவிட்டேன், எழுதியும் அனுப்புகிறேன்.

இருபத்தாறு பையும் திரும்ப வர வேண்டும். உதறக் கூடாது, துவைக்கக் கூடாது. வாளியில் தண்ணீர் கொண்டுபோய், அந்த வீட்டு வாசலிலேயே நனைத்துக் கவரில் கட்டுங்கள். கட்டிய கவரை யாரிடம் ஒப்படைப்பது என்று விசாரித்து அக்காவிடம் சொல்கிறேன். குப்பையில் போடாதீர்கள், எரிக்காதீர்கள். ரோலின் மீதியும் குழந்தைவேல் கடைக்குத் திரும்பிப் போகக் கூடாது.

ஓரிரு நாள் சோற்றுப்பை தூக்கிய பிள்ளைகளுக்கு ஆபத்து மிகவும் குறைவு. ஆனால் அது கிழிந்தால், வெட்டப்பட்டால், கதை வேறு. அதனால் எந்த வீட்டிலும் காரணத்தை மறைக்காதீர்கள். என்ன துணி என்று பெயரைச் சொல்லுங்கள். சொன்னால்தான் கொடுப்பார்கள்.

நெடுமாறன்


நெய்வேலி
11.6.2025

அன்புள்ள தம்பிக்கு,

காது மிஷினை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். இருபத்து மூன்று பை வந்துவிட்டது, அபியுடையதையும் சேர்த்து. கவரில் கட்டி, ரோலின் மீதியோடு தோட்டத்து ஷெட்டில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

நீ சொன்னபடி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதல் வீட்டில், 'என்னா தாத்தா, காலையிலயே வாளியும் கையுமா' என்று அந்தப் பெண் சிரித்தாள். 'ஜிப் சரியில்லம்மா, கையக் கிழிக்கும், வேற தரேன்' என்று சொல்லிவிட்டேன். ஒரு வீட்டில் சொன்னதை எல்லா வீட்டிலும் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

மூன்று பை வரவில்லை. கஸ்தூரியம்மாள் பேத்தி சிதம்பரத்தில் ஹாஸ்டலுக்கு எடுத்துப் போய்விட்டாள். திலகவதி தர மாட்டேன் என்கிறாள்: 'ஜிப்பு நல்லாத்தான கீது தாத்தா, எம் பையன் ராவுல பக்கத்துல வச்சிக்கினு தூங்குறான்.' ஜெயப்பிரகாஷ் வீட்டில் அந்த அம்மா உள்துணியைக் கத்தரித்து, குக்கர் இறக்குவதற்குக் கைப்பிடித் துணி தைத்துக்கொண்டாள். நான்கு தைத்தாளாம். ஒன்றை எனக்கே கொடுக்க வந்தாள்.

அபி என் மிஷினுக்குக் கீழே ஐந்து நாள் உட்கார்ந்திருந்தாள். உன் அக்கா இதைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சோறு போடுகிறாள், தண்ணீர் வைக்கிறாள், கேட்கவில்லை. அதனால் உன்னைக் கேட்கிறேன். ஏதாவது ஆகுமானால் எத்தனை நாளில் தெரியும்?

அப்பா


அங்கலேஷ்வர்
17 ஜூன் 2025

அப்பா,

நாள் இல்லை. இருபதிலிருந்து நாற்பது வருஷம். அபிக்கு எட்டு வயசு. அப்போது அவளுக்குப் பிள்ளைகள் இருக்கும். நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

இதை மெதுவாகச் சொல்லிப் பார்க்கலாம் என்று நான்கு தாள் கிழித்தேன். எனக்கு வரவில்லை.

ஒன்றும் ஆகாமலே போகலாம். அதற்குத்தான் வாய்ப்பு அதிகம், மிகவும் அதிகம். ஆனால் ஆகாது என்று உலகத்தில் எந்த டாக்டரும் எழுதித் தர மாட்டார். நாம் செய்யக்கூடியது ஒன்றுதான். என்றைக்காவது மூச்சு விடக் கஷ்டமாகி அவள் போய் உட்கார்ந்தால், 'இது உங்கமேல எங்க பட்டது' என்று டாக்டர் கேட்பார். பெரும்பாலானவர்களுக்குப் பதில் தெரியாது. அவளுக்குத் தெரிய வேண்டும். ஒரு காகிதத்தில் எழுதுங்கள்: என்ன துணி, எந்த மாதம், எத்தனை நாள், எவ்வளவு பக்கத்தில், யார் தைத்தது. கீழே கையெழுத்து. ஜெயப்பிரகாஷ் வீட்டுக்கும் அதே மாதிரி ஒன்று, அந்த அம்மா கத்தரித்ததையும் சேர்த்து.

ஜிப் என்று சொன்னதை நீங்களே போய் மாற்றிச் சொல்லுங்கள். ஜெயப்பிரகாஷ் நம்பர் என்னிடம் இருக்கிறது. இருபத்தைந்தாம் தேதிவரை பார்ப்பேன். பிறகு நானே கூப்பிடுவேன்.

படி ஏறினால் இளைப்பது வயசு இல்லை. கடலூரில் நெஞ்சு டாக்டரைப் பாருங்கள். பாய்லர் வேலை பார்த்ததைச் சொல்லுங்கள்.

நெடுமாறன்


நெய்வேலி
26.6.2025

தம்பி நெடுமாறனுக்கு,

நீ ஜெயப்பிரகாஷைக் கூப்பிட வேண்டாம், அக்கா போனில் சொல்லியிருப்பாள். இருபத்து மூன்றாம் தேதி நானே போனேன். பை வரவேண்டிய மூன்று வீடு மட்டும் இல்லை, இருபத்தைந்து வீட்டுக்கும் போய்ப் பெயரைச் சொன்னேன். திலகவதி பையை ஒரு குச்சியில் மாட்டி, கேட்டுக்கு மேலே நீட்டினாள். கஸ்தூரியம்மாள் அங்கேயே நின்று சிதம்பரத்துக்குப் போன் போட்டார்கள். பேத்தி ஹாஸ்டல் வார்டனிடம் ஒப்படைத்திருக்கிறாள், செங்குட்டுவன் போய் எடுத்து வருகிறார்.

ஜெயப்பிரகாஷ் வெளியே வந்து நின்றார். அந்த அம்மா நான்கு துணியையும் வாளியில் போட்டுவிட்டு, கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

'தெரிஞ்சேதான் குடுத்தீங்களா, பெரியவரே?' என்றார்.

'பையன் சொன்னான். நான்தான் கேக்கலைங்க' என்றேன்.

நான் எழுதிக் கொண்டுபோன காகிதத்தை நீட்டினேன். வாங்கிப் படித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். யாரும் என்னைத் திட்டவில்லை. நான் வீதியில் நடந்தால் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். செங்குட்டுவனிடம் ஷிஃப்டில் கேட்கிறார்களாம். அவர் என்னிடம் சொல்லவில்லை, அக்காவிடம் சொன்னது காதில் விழுந்தது. நாளை கடலூருக்குப் போகிறேன். அக்கா கூட வருகிறேன் என்றாள். அது அவளாகச் சொன்னது.

அபியின் காகிதத்தை நேற்று எழுதினேன். நீ சொன்னதெல்லாம் எழுதி, தைத்தது யார் என்ற இடத்தில் 'அவளுடைய தாத்தா' என்று போட்டுக் கையெழுத்துப் போட்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஆஸ்பெஸ்டாஸ் என்ற சொல்லில் இரண்டு தடவை தடுக்கினாள்.

'எல்லார் பையையும் வாங்கிக்கின. எனக்கு மட்டும் இது குடுக்கிறியா தாத்தா?' என்றாள்.

'ஆமாம்மா. பத்திரமா வச்சிக்கணும்.'

'எத்தினி நாளைக்கி?'

'பெரியவளாவுற வரைக்கும்.'

சரி என்று கணக்கு நோட்டுக்கு நடுவில் வைத்து, ஸ்கூல் பையில் போட்டுக்கொண்டாள்.

அப்பா
சாமிக்கண்ணு