மூன்று நிமிடத் திட்டுக்கு விதித்த தடையை நீக்கக் கோரி

அனுப்புநர்:
தங்கள் கோப்பில் "பாதிக்கப்பட்டவர்" என்று குறிக்கப்பட்டிருப்பவர்,
தொழில்: லிஃப்ட் மெக்கானிக்.
(பாதிக்கப்பட்டவரின் பெயரையும் முகவரியையும் எந்தத் தாளிலும் எழுதக் கூடாது என்று தங்கள் அலுவலகக் கடிதத்தின் அடியில் அச்சிட்டிருக்கிறது. அதற்குக் கட்டுப்பட்டு இரண்டையும் எழுதவில்லை.)

பெறுநர்:
குடும்பப் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
குடும்பப் பாதுகாப்பு அலுவலகம், இரண்டாம் தளம்.

பொருள்: என் மனைவி வீட்டில் குரலை உயர்த்தக் கூடாது, என் மீது கை வைக்கக் கூடாது என்று பிறப்பித்த இடைக்கால உத்தரவை நீக்கக் கோருதல், எங்கள் வீடு தாங்க முடியாத அளவுக்கு அமைதியாக இருப்பது பற்றிய புகார்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம்.

1. எங்கள் வீட்டைப் பற்றித் தங்களுக்கு வந்த புகாரில் மேற்கோள் குறிக்குள் இருக்கும் சொற்கள் அத்தனையும் உண்மை. "தலைய தண்ணிக்குள்ள அமுக்கு", "நான் சொல்றவரைக்கும் மூச்சு விடாத", "உதை, இன்னும் நல்லா உதை, என்ன கொஞ்சிக்கிட்டு இருக்க" ஆகியவற்றை என் மனைவி எங்கள் படுக்கையறையில் இருந்தபடி தெருக்கோடி வரை கேட்கும்படி சொன்னார். அநேகமாகத் தினமும் சொன்னார். அவற்றில் ஒன்றுகூட என்னைப் பார்த்துச் சொன்னதல்ல என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. என் மனைவி நீச்சல் பயிற்றுநர். நகராட்சி நீச்சல் குளத்தின் அடித்தளம் விரிசல் விட்டு, பழுதுபார்ப்புக்காக அதை மூடும் வரை அங்கேதான் வேலை பார்த்தார். மூடியபின் வீட்டில் சும்மா இருந்தார். சும்மா இருப்பது அவருக்கு வராத கலை. அந்த நேரத்தில், அவரிடம் முன்பு கற்றுக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்ட ஒரு பெண், தான் நீந்துவதைப் படம்பிடித்து "எப்படி இருக்கு மாஸ்டர்?" என்று போனில் அனுப்பினாள். என் மனைவிக்கு அதைப் பார்த்ததும் வந்த கோபத்தில் எழுத வரவில்லை. போனைத் திருப்பி வைத்து, தாமும் ஒரு வீடியோ எடுத்து அனுப்பினார். மூன்று நிமிடம் அந்தப் பெண்ணின் இடது முழங்கையைத் திட்டித் தீர்த்திருந்தார்.

3. அந்தப் பெண் அழுவாள் என்று நான் பயந்தேன். அவளோ அதைத் தன்னோடு நீந்துகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டியிருக்கிறாள். அவர்களில் இருவர், எங்களையும் இப்படித் திட்ட என்ன வாங்குவீர்கள் என்று கேட்டார்கள். "வாயால திட்டறதுக்கு யாராவது காசு கேப்பாங்களா?" என்று என் மனைவி கூச்சப்பட்டார். முதல் தொகை வந்து சேர்ந்த அன்று போனைக் கையில் வைத்துக்கொண்டு, "இத்தனை வருஷமா ஊரெல்லாம் ஓசியில திட்டியிருக்கேனேங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எங்கள் வீட்டில் அவ்வளவு சந்தோஷம் வந்து நாளாகியிருந்தது.

4. தொழில் நடக்கும் முறையைத் தெரிவிப்பது என் கடமை. வாடிக்கையாளர் தாம் நீந்துவதைச் சிறிய வீடியோவாக அனுப்புவார். என் மனைவி அதை ஓடவிட்டும் நிறுத்தியும் பார்த்துவிட்டு, பதில் வீடியோ பதிவு செய்து அனுப்புவார். இவ்வளவுதான். இதில் சத்தத்துக்கு என்ன வேலை என்று தாங்கள் கேட்கலாம். முகத்துக்கு நேரே போனை வைத்துக்கொண்டு பேச அவருக்கு வராது. கரையில் நின்று குளத்தின் அந்தப் பக்கம் இருப்பவரைத் திருத்தியே பழகிய தொண்டை அது. ஆகவே போனை அறையின் மறுகோடியில் அலமாரி மேல் ஏற்றிவிட்டு, கழுத்தில் விசிலோடு கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்று பேசுவார். சட்டையில் குத்திக்கொள்ளும் சின்ன மைக் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். "என் குரலுக்கு எதுக்குங்க முட்டுக்கொடுக்கணும்?" என்று அதை இழுப்பறையில் போட்டுவிட்டார்.

5. என் பங்கு என்னவென்றால், செய்து காட்டுவதற்கு மாதிரி ஆள் நான்தான். தோள் எப்படித் திரும்ப வேண்டும், முழங்கை எவ்வளவு உயர வேண்டும் என்பதை வாயால் மட்டும் சொன்னால் சிலருக்கு ஏறாது. அப்போது என்னைக் கூப்பிடுவார். நான் ஸ்டூலின் மீது குப்புறப் படுத்துக்கொள்வேன். அவர் என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்து, உயர்த்தி, முன்னால் விட்டுக் காட்டுவார். எங்கள் படுக்கையறை ஜன்னல், எதிர்வீட்டுத் தையற்காரரின் மெஷினுக்கு நேர் எதிரே இருக்கிறது. அவர் நிமிர்ந்த நேரமெல்லாம் கண்டது இந்தக் காட்சியைத்தான்.

6. போதாக்குறைக்கு என் தொழில். லிஃப்ட் வேலையில் முன்கையில் இரும்பு இடிக்காத வாரம் கிடையாது. பேண்ட் தைக்க அளவு கொடுக்கப் போனபோது தையற்காரர் என் கையைப் பார்த்துவிட்டு, "அண்ணே, எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லலாம்ணே" என்றார். நான் லிஃப்டை நினைத்துக்கொண்டு, "அட, ஆரம்பத்துலதான் வலிக்கும் தம்பி, போகப்போக பழகிடும்" என்றேன். பேண்டுக்குக் கூலி வேண்டாம் என்றுவிட்டார். நல்ல மனிதர் என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் புகழ்ந்தேன். இப்போதும் அதையே சொல்கிறேன். அடுத்த வீட்டில் என்ன நடந்தால் நமக்கென்ன என்று ஜன்னலைச் சாத்திக்கொள்ளாதவர் அவர். அவர் மீது எங்களுக்குத் துளியும் வருத்தம் இல்லை.

7. அடுத்து, விசாரணை. என் மனைவியை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னைத் தனியாக அழைத்த தாங்கள் மிகவும் கனிவாகப் பேசினீர்கள். "பயப்படாம சொல்லுங்க. உங்க தலைய எதுலங்க அமுக்குவாங்க? வாளியிலயா, தொட்டியிலயா?" என்று கேட்டீர்கள். அறிக்கையில், "வாளி என்ற சொல்லைக் கேட்டவுடன் பாதிக்கப்பட்டவர் முகத்தைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கத் தேம்பினார்" என்று பதிவாகியிருக்கிறது. முகத்தைப் பொத்தியது உண்மை. தோள் குலுங்கியதும் உண்மை. ஆனால் அம்மையீர், அது தேம்பல் அல்ல, சிரிப்பு. ஓர் அரசு அலுவலகத்தில், அதுவும் அப்படிப்பட்ட கேள்விக்குச் சிரிப்பது மரியாதை அல்ல என்றுதான் முகத்தை மூடினேன். தாங்கள் தண்ணீர் கொடுத்தீர்கள். அது தண்ணீராகவே இருந்ததால் சிரிப்பு இன்னும் அதிகமாகிப் புரையேறிவிட்டது. "இன்னைக்கு இது போதும், பாவம்" என்று தாங்கள் எழுத்தரிடம் சொன்னபோது, பேச வாயைத் திறந்தும் இருமல்தான் வந்தது. மறுநாள் உத்தரவு வந்துவிட்டது.

8. உத்தரவு வந்த நாள் முதல் என் மனைவி அதை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிக்கிறார். குளத்தில் "ஓடக் கூடாது" என்ற பலகைக்கு ஓடாமல் இருந்தே பழகியவர் அவர். காலையில் என்னைத் தொட்டு எழுப்புவதில்லை, கட்டிலை ஆட்டுகிறார். சாப்பிடக் கூப்பிடக் கரண்டியால் தட்டைத் தட்டுகிறார். என் சட்டைக் காலர் மடங்கியிருந்தால் கண்ணாடியைச் சுட்டிக்காட்டுகிறார். தற்போது வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே. மகன் வேலைக்காக வெளியூரில் இருக்கிறான். போனில் அம்மாவின் குரலைக் கேட்டுவிட்டு, "அப்பா, அம்மாவுக்கு என்னாச்சு? உண்மைய சொல்லுங்க" என்று என்னைத்தான் மிரட்டுகிறான்.

9. தொழிலையும் மெல்லிய குரலில் நடத்திப் பார்த்தார். எனக்குப் பதிலாகத் தலையணையை ஸ்டூலில் படுக்க வைத்தார். தலையணைக்கு முழங்கை இல்லாததால் அது சரிப்படவில்லை. ஒரு வங்கி மேலாளர் பல மாதமாக அவரிடம் திட்டு வாங்கி முன்னேறி வருகிறவர். தணிந்த குரலில் போன பதிலைப் பார்த்துவிட்டு அவர் பதறிப்போய் அழைத்தார். "மேடம், உங்களுக்கு உடம்பு சரியில்லையா, இல்ல நான் அவ்வளவு மோசமா நீந்துறேனா?" என்று கேட்டார். இரவுப் பணி பார்க்கும் செவிலியர் ஒருவர், "நீங்க திட்டுனாதான் மாஸ்டர் எனக்கு காலே உதைக்குது" என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தார். உத்தரவு விவரத்தை எல்லோருக்கும் எழுதிவிட்டு, அரைகுறைச் சரக்கை விற்க மாட்டேன் என்று என் மனைவி பதில் அனுப்புவதையே நிறுத்திவிட்டார்.

10. வீடியோக்கள் மட்டும் நின்றபாடில்லை. "உத்தரவு நீங்கும்போது பாருங்கள்" என்று அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறார்கள். மாலையில் அவர் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். சத்தம் வராது. உதடு மட்டும் அசையும். கை தானாக விசிலைத் தேடும். அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அந்தக் கஷ்டத்தில்தான் ஒரு காரியம் செய்தேன். அது தங்கள் கோப்பில் இல்லாததால் இங்கே பதிவு செய்கிறேன்.

11. எனக்கு நீச்சல் தெரியாது. நீச்சல் பயிற்றுநரைக் கட்டிக்கொண்டும் தண்ணீரைக் கண்டால் எனக்கு நடுக்கம். நூறடி ஆழ லிஃப்ட் குழிக்குள் தொங்கிக்கொண்டு வேலை செய்வேன்; இடுப்பளவு தண்ணீரில் நிற்க மாட்டேன். என் மனைவி என்னை ஒருநாளும் வற்புறுத்தியதில்லை. கிண்டல்கூடச் செய்ததில்லை. எங்கெங்கோ இருப்பவர்கள் காசு கொடுத்து அவர் குரலை வாங்கிக்கொண்டு போகிறார்கள். எனக்கு மட்டும் அதில் ஒரு சொட்டும் கிடைத்ததில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அவர்கள் மேல் பொறாமை.

12. நகராட்சிக் குளத்தின் ஆழமில்லாத பக்கத்தை இப்போது திறந்துவிட்டார்கள். சென்ற வார விடுமுறையில் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அங்கே போனேன். என்னோடு வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் கரையில் நின்று போனைப் பிடித்துக்கொண்டார். ஓரக் கம்பியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றேன். பிறகு விட்டேன். ஸ்டூலில் படுத்துப் படுத்துக் கைக்குப் பழகியிருந்தது; காலுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச தூரம் போனேன், கொஞ்சம் தண்ணீர் குடித்தேன், எலக்ட்ரீஷியன் கத்திய கத்தில் மறுபடி கம்பியைப் பிடித்தேன். அந்த வீடியோவை மற்ற வாடிக்கையாளர்களைப் போலவே முறைப்படி, முழுக் கட்டணத்தையும் கட்டி, எலக்ட்ரீஷியனின் போனிலிருந்தே என் மனைவிக்கு அனுப்பினேன்.

13. அன்று மாலை அவர் வழக்கம்போல வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னுடையது வந்தது. முதலில் யாரென்று தெரியாமல், இந்த ஆளுக்கு இடுப்பே இல்லையா என்பதுபோல முகத்தைச் சுளித்தார். அப்புறம் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். மறுபடி ஓடவிட்டார். எத்தனை முறை ஓடவிட்டார் என்று எனக்குத் தெரியாது. அதற்குள் நான் பாத்திரம் கழுவுகிற சாக்கில் சமையலறைக்குள் ஒளிந்துகொண்டேன். சமையலறை வாசலில் வந்து நின்றார். கண் நிறைந்திருந்தது, முகமெல்லாம் சிரிப்பு. விசிலை வாயருகே கொண்டுபோய், மூச்சை நெஞ்சு முட்ட இழுத்து, வாயைத் திறந்தார். அப்போது உத்தரவு ஞாபகம் வந்துவிட்டது. இழுத்த மூச்சை அப்படியே விட்டுவிட்டு, என் காதுக்கு மட்டும் கேட்கும்படி, "உத்தரவு நீங்கட்டும்ங்க. இருக்கு உங்களுக்கு" என்றார்.

14. அம்மையீர், உண்மையாகவே வாளியில் தலை அமுக்கப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு உட்காரத் தங்கள் எதிரே இருக்கும் நாற்காலி வேண்டும், தங்கள் தண்ணீரும் கனிவும் வேண்டும். அந்த இடத்தை எங்கள் கோப்பு அடைத்துக்கொண்டிருப்பது நியாயமில்லை. தையற்காரர் நடந்ததைத் தெரிந்துகொண்டு, வெட்கப்பட்டு, புகாரைத் திரும்பப் பெறத் தங்களிடம் வந்தார். பாதிக்கப்பட்டவரே அச்சமின்றி எழுதிக் கொடுத்தால்தான் கோப்பை முடிக்க முடியும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். ஆகவே இம்மனு. இதை யாருடைய தூண்டுதலும் மிரட்டலும் இல்லாமல் எழுதுகிறேன். என் மனைவி அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறார். என்ன எழுதுகிறேன் என்று கேட்டார். லிஃப்ட் சம்பந்தமானது என்று சொல்லியிருக்கிறேன்.

15. அடுத்த வார விடுமுறைக்கு நான் மறுபடி தண்ணீரில் இறங்கியாக வேண்டும். கால் எப்படி உதைப்பது என்று தெரியாமல் இறங்க எனக்குத் தைரியம் இல்லை. எனவே தாங்கள் அதற்குள் இடைக்கால உத்தரவை முழுமையாக நீக்கி, என் மனைவி எங்கள் வீட்டில் தம் குரலில் தொழில் செய்யவும், தேவைப்படும் இடங்களில் என் கையைப் பிடித்து முறுக்கவும் அனுமதிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அன்று எங்கள் ஜன்னலிலிருந்து வரும் சத்தம் இதுவரை வந்ததையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும் என்று எதிர்பார்க்கிறேன். அது முதல்முறையாக என்னைப் பார்த்தே கத்துவதாக இருக்கும். அதுபற்றிப் புகார் எதுவும் வந்தால் அருள்கூர்ந்து ஏற்க வேண்டாம். கட்டணம் செலுத்திய வாடிக்கையாளன் என்ற முறையிலும், கணவன் என்ற முறையிலும், எனக்குச் சேர வேண்டிய அந்த "இருக்கு உங்களுக்கு" காலதாமதமின்றிக் கிடைக்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: எங்கள் வீட்டுச் சமையலறை மேசை
நாள்: வியாழக்கிழமை

(கையொப்பம்)
கோப்பில் பாதிக்கப்பட்டவர்,
வீட்டில் அவருடைய கணவர்.