கக்கூஸ் பூட்டை உடைத்தேன்

கும்மிடிப்பூண்டி
ஞாயிறு மதியம்

அன்புள்ள மோனிகாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் உன்னை அந்தக் குளிரில் சுகமாக வைக்கட்டும். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். கை வரவில்லை. போனில் சொன்னால் நீ நடுவில் விளக்கம் சொல்வாய், அதனால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். முழுதும் படி.

செவ்வாய்க்கிழமை அப்பாவின் புற்று வந்த மூத்திரப் பையில் அந்த ஆராய்ச்சி மருந்தின் முதல் தவணையைக் குழாய் வழியாக ஏற்றினார்கள். ஒரு மணி நேரம் அடக்க வேண்டும் என்றாள் நர்ஸ். சாயக் கம்பெனில ஷிப்டு பூரா அடக்கினவன்மா நானு, இது இன்னா பெரிய விஷயம் என்றார். அவள் சிரித்தாள். எனக்கு எரிந்தது. அடக்கி அடக்கித்தானே அந்தப் பை இப்படி ஆனது. நீ ஜெர்மனியிலிருந்து அவரிடம் அழகாகச் சொன்னாய், பெருக முடியாதபடி செய்த வைரஸ்பா, ஒரு மரபணுவைக் கொண்டுபோய் உள்ளே வைக்கும், அப்புறம் உங்க உடம்பே இன்டர்ஃபெரான் செய்யும், கம்பெனி சங்கு மாதிரி, அது ஊதினால் காவல் அணுக்கள் ஓடிவந்து புற்றை அடிக்கும் என்று. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. வீடு வந்ததும் குழாயடியில் நின்று, எனக்குள்ள வைரஸ் உட்டுக்கிறாங்க, நல்ல வைரஸு, எம் பொண்ணு படிச்ச படிப்பு என்று எல்லாரிடமும் சொன்னார்.

அவர்கள் காதில் வைரஸ் மட்டும்தான் விழுந்தது. அவர் போய்வந்த பிறகு ரெண்டு நாள் கக்கூஸில் ப்ளீச்சிங் ஊற்றச் சொல்லியிருந்தார்கள் ஆஸ்பத்திரியில், நான் ஊற்றினேன், அந்த நாற்றம் சாட்சியாகிவிட்டது. ஆறு வீட்டுக்கு ஒரே கக்கூஸ். புதன் காலை வீட்டுக்காரர் முனிகிருஷ்ணன் அதைப் பூட்டிவிட்டார். கொரோனா பார்த்த ஜனங்கக்கா, குழந்த குட்டி கீற எடம், ரெண்டு நாளு எங்கனா போய் இருந்துட்டு வாங்களேன் என்றார். மற்றவர்களுக்குச் சாவி கொடுத்திருந்தார். எங்களுக்கு இல்லை. மருந்து ஏற்றின பை எரியும், அடக்க வராது. காய்ச்சல் வேறு. பூட்டின கதவு முன்னால் அப்பா நின்றார். லுங்கி நனைந்தது. பக்கத்து வீட்டுப் புவனேஸ்வரி தன் பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். அவள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் ராத்தங்கினவள் நான்.

அம்மிக் குழவியால் பூட்டை உடைத்தேன். தாழ்ப்பாளும் சேர்ந்து பெயர்ந்தது.

இப்போது அப்பா, போதும் ஞானம், அடுத்த தவண வேணாம், இந்த அசிங்கம் வேணாம் என்கிறார். மூன்று மாதத்தில் அடுத்தது. போகாவிட்டால் பையையே எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன் மேலும் எனக்குக் கோபம்தான். உடம்புக்குள் நடப்பதை எல்லாம் சொன்னாய். லைன் வீட்டில் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாதா? நீ பிறந்து வளர்ந்த இடம்தானே இது?

அடுத்த ஞாயிறு சாயங்காலம் போன் செய். ஸ்பீக்கரில் போட்டு வாசலில் வைப்பேன். ரெண்டு நாளுக்குத்தான் ப்ளீச்சிங், அது முடிந்தது, யாருக்கும் தொத்தாது என்று நம்ம பேச்சில் சொல். முனிகிருஷ்ணனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டே சொல். அப்புறம் ஸ்பீக்கரை அணைத்து அப்பாவிடம் கொடுப்பேன். அவரிடம் சங்கு, அணு எதுவும் பேசாதே. பயமா இருக்காப்பா என்று மட்டும் கேள்.

நேரத்துக்குச் சாப்பிடு. கம்பளி போட்டுக்கொள். கர்த்தர் உன் கூட இருப்பார். கக்கூஸ் கதவுக்கு இன்னும் தாழ்ப்பாள் போடவில்லை. அப்பா உள்ளே போகும்போதெல்லாம் நான் வெளியே நிற்கிறேன். யாராவது வந்து கேட்கட்டும்.

உன் அம்மா
ஸ்டீபன் ஞானம்மா