நுஹாவுக்கு ஏலாத பூச்சி

கட்டுகஸ்தோட்டை,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் ஹுதைபாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் சுகம், கட்டாரில் நீயும் மருமகள் நுஹாவும் சுகமாக இருக்கத் தொழுகைக்குத் தொழுகை கேட்கிறேன். போனில் பேசினால் வாப்பா இடையில் புகுந்து கெடுத்துவிடுவார், அதனால் எழுதுகிறேன். போன லீவுக்கு வந்து நம் வீட்டில் மூன்று இரவுதான் இருந்தாய். பாத்ரூம்ல ஒரே பூச்சி மாமி, எனக்கு ஏலா என்று நுஹா சொன்னதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்குறணைக்கு, அவள் உம்மா பாயிஸா வீட்டுக்குப் போய்விட்டாய். மிச்சம் இருபத்தைந்து நாளும் அங்கேதான். பெற்றவள் நான், எங்கட மகன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவள் பாயிஸா. எனக்குப் பொறாமைதான், மறைக்க என்ன இருக்கிறது.

பெருநாளைக்கு நீ வருமுன் அந்தப் பூச்சியை ஒழித்தே தீருவது என்று இறங்கினேன். ஸ்பிரே போத்தல் வாங்கி, கதவை மூடிச் சுவர் நனைய அடித்தேன். எல்லாம் செத்து விழுந்தன, மூன்றாம் நாள் பார்த்தால் பழையபடி சுவரில் குந்திக்கொண்டிருக்கின்றன. இன்னொரு போத்தலும் அடித்து, உடனே உள்ளே போய் இருமல் பிடித்து, வாப்பாவிடம் ஏச்சும் வாங்கினேன். கண்டி டவுனில் கடை வைத்திருக்கும் ரவிகுமார்தான், ஸ்பிரே பறக்கிறதத்தாம்மா கொல்லும், தண்ணி போற ஓட்டைக்குள்ள ஊத்தை இருக்கிற வரைக்கும் அதுல முட்டை போட்டு வந்துக்கிட்டேதான் இருக்கும் என்றார். அந்த ஓட்டையின் மூடியைக் கழற்றி பிரஷ் விட்டுத் தேய்த்தேன், வந்த ஊத்தையைச் சொன்னால் நீ சோறு தின்ன மாட்டாய். ஒரு கிழமை விடாமல் தேய்த்து, மிஞ்சியதற்கு மட்டும் ஸ்பிரே அடித்தேன். இப்போது ஒன்றுகூட இல்லை.

போன ஞாயிறு பாயிஸாவுக்குச் சுகமில்லை என்று பார்க்கப் போனேன். அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூ செய்யப் பாத்ரூமுக்குள் போனால் சுவரெல்லாம் அதே பூச்சி! எனக்கு வந்த சந்தோஷத்தை அல்லாஹ் மன்னிக்கட்டும். எத்தனை நாளாக என்று கேட்டேன். அது எந்த நாளும் இரிக்கிதானே, நுஹா சின்னதிலயே இருந்த என்று சிரித்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. அப்படியென்றால் நம் வீட்டில் நுஹாவுக்கு ஏலாமல் போனது நான்தான். அந்த மூன்று நாளும் அவள் அடுப்படிக்கு வந்த போதெல்லாம், என் மகனுக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியும் என்று கையிலிருந்த அகப்பையைப் பறித்தேனே. இந்த முறை அவளே ஆக்கட்டும், நான் குசினிப் பக்கம் எட்டியும் பார்க்க மாட்டேன், பார்த்தால் நீ என்னைப் பேர் சொல்லி ஏசு.

அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் பறக்கத்தும் தரட்டும். வாசித்துவிட்டு இந்தக் கடிதத்தை நுஹாவிடம் கொடு. அவள் உம்மாவிடம் மட்டும் காட்ட வேண்டாம் என்று சொல்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
உம்மா றமீஸா