சால்வை போர்த்திய பணிநீக்கம்

புரட்டாசி 9, வியாழன்

விடியலிலிருந்து தூறல். குறுவை நெல் லாரிகள் ஆலை வாசல் தொடங்கி நெடுஞ்சாலை வரை. எதிலும் ஈரப்பதம் இருபதுக்குக் குறையவில்லை. மீட்டர் சொன்னது, நெல்லைக் கடித்துப் பார்த்த என் பல்லும் அதையே சொன்னது. எல்லாவற்றையும் உலர்த்த அனுப்பினேன்.

பதினோரு மணியளவில் ஆய்வகத்துக்குள் முதலாளி, மேலாளர், ஒரு புகைப்படக்காரர். நான் தட்டுடன் நின்றுகொண்டிருந்தேன். முதலாளி பின்னாலிருந்து தோளில் எதையோ போர்த்தினார். பளிச்சென்று வெளிச்சம்.

"அக்கா, உழைச்சது போதும். இனிமே வீட்ல நிம்மதியா இருங்க."

வாயில் கடித்த நெல். அதைத் துப்பிய பிறகே கேட்க முடிந்தது: "யாருக்கு ஓய்வு?"

"உங்களுக்குத்தான்க்கா."

"நான் கேக்கலையே."

"கேட்டாத்தான் செய்யணுமா? நீங்க நம்ம வீட்டு ஆளு."

சால்வையை மடித்து அவர் கையிலேயே கொடுத்தேன். பட்டு என்று சொல்லிக்கொண்ட பாலியெஸ்டர். மாலையில் மேலாளர் ஓர் உறை தந்தார்: "வயது மற்றும் பணித்திறன் குறைவு காரணமாக இன்றுடன் விடுவிக்கப்படுகிறீர்கள்." முன்னறிவிப்பு இல்லை, விசாரணை இல்லை. நகலில் கையெழுத்துக் கேட்டார். போடவில்லை.

புரட்டாசி 10, வெள்ளி

மழை விட்டது. காரணத்தைத் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆவணிக் கடைசியில் எங்கள் ஆலைத் தொழிலாளி செல்வியின் வலக்கை கன்வேயர் பெல்ட்டில் சிக்கியது. இரண்டு விரல்கள் போயின. தொழிற்சாலை ஆய்வாளர் வந்தபோது, அன்று அவள் வேலைக்கே வரவில்லை என்று சொல்லும்படி எல்லோருக்கும் உத்தரவு. எல்லோரும் சொன்னார்கள். நான் பார்த்ததைச் சொன்னேன்: வேலையில்தான் இருந்தாள், பெல்ட்டின் மூடியைக் கழற்றி மூலையில் சாத்தியிருந்தார்கள். அன்றிலிருந்து அலுவலகத்தில் எனக்குக் காபி வருவது நின்றது. இப்போது சம்பளமும்.

பேருந்து நிறுத்தத்தருகே ஃபிளெக்ஸ் பேனர். என் பழைய முகம், சுற்றிலும் ரோஜாக்கள். "அப்பழுக்கற்ற பணியாற்றி ஓய்வுபெறும் எங்கள் தர மேலாளர் அம்மா அவர்களை வாழ்த்தி வணங்குகிறோம்." கடிதத்தில் திறமையற்றவள், பேனரில் அப்பழுக்கற்றவள். இரண்டில் ஒன்று பொய். எது என்பதை அவர்களே கலந்து பேசி முடிவு செய்யட்டும். தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் பூக்காரி: "சந்தோசமா இருக்கீங்களாம்மா?" மிகவும், என்றேன்.

தங்கை திருவாரூரிலிருந்து அழைத்தாள். "ஏங்க்கா, அறுபத்தஞ்சு வயசுல உனக்கு எதுக்கு வம்பு? அதான் மரியாதையா அனுப்புறாங்கல்ல."

"அந்த மரியாதைய நீ வந்து போத்திக்க."

வைத்துவிட்டாள். நாளை தானாகப் பேசுவாள்.

புரட்டாசி 13, திங்கள்

வெயில். அடுத்த தெரு வக்கீல் நூர்ஜஹானின் வீட்டுக்குப் போனேன். தொழிலாளர் வழக்குகளாகவே நடத்துகிறவள். கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். பேனர் படத்தைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"இதுல மேலாளர்னு போட்டிருக்காங்களே அக்கா, அதான் அவங்க பிடி. நிர்வாகத்துல இருந்தவங்க, தொழிலாளி இல்ல, தொழிலாளர் சட்டம் பொருந்தாதும்பாங்க."

"நான் யாருக்காச்சும் லீவு குடுத்திருக்கேனா? யாரையாச்சும் வேலைக்கு எடுத்திருக்கேனா? நெல்லைக் கடிச்சுப் பாத்தேன், எழுதினேன். அவ்வளவுதான்."

"இதையே அங்க சொல்லுங்க. பட்டம் முக்கியமில்ல, என்ன வேலை பாத்தீங்கங்கிறதுதான் முக்கியம்."

செய்ய வேண்டியவை:
– பணிநீக்கத்தை ஏற்கவில்லை என்று பதில். பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்.
– நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள்: நகல்.
– தொழிலாளர் அலுவலகத்தில் மனு.
– தினமும் காலை ஆலை வாசலில் நிற்றல். வேலைக்கு வரத் தயார் என்பதற்குச் சாட்சி.
– சர்க்கரை மாத்திரை.

புரட்டாசி 20, திங்கள்

வாசலில் நிற்பது தொடர்கிறது. காவலாளி அந்தோணி என் முகத்தைப் பார்ப்பதில்லை.

"உள்ள விடக்கூடாதுன்னு உத்தரவும்மா."

"உன்னைக் குறை சொல்லல. நான் வந்தேன், நீ விடலைன்னு உன் நோட்டுல எழுது."

"எழுதினா எனக்கும் சால்வை போத்திருவாங்கம்மா."

நியாயம். வாசலை நானே படம் எடுத்துக்கொண்டேன்.

பகலில் வீடு எப்படி இருக்கும் என்பது இத்தனை வருடம் எனக்குத் தெரியாது. இப்போது தெரிகிறது. பிடிக்கவில்லை. வெந்தயத்தைக் கடித்துப் பார்க்கிறேன், காய்ந்ததா என்று. இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை.

ஐப்பசி 20, வியாழன்

அடைமழை. தொழிலாளர் அலுவலகத்தில் சமரசப் பேச்சு. என்னுடன் நூர்ஜஹான். முதலாளி தம் வக்கீலுடன் வந்திருந்தார். எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் வளர்ப்பு அப்படி. அதில் குறை சொல்ல முடியாது.

வக்கீல் புகைப்படத்தை நீட்டினார்: அம்மா மனமுவந்து ஓய்வு பெற்றதற்கு ஆதாரம்.

"சால்வையோட இருக்கீங்களேம்மா?" என்றார் அலுவலர்.

"பின்னாடியிருந்து போத்தினா யார் மேலயும் இருக்கும் சார். கையில பாருங்க, நெல் தட்டு. ஓய்வு வாங்கறவ எதுக்கு ஈரம் பாத்துக்கிட்டிருக்கா?"

மேலாளர் என்ற வாதம் அடுத்து. நூர்ஜஹானிடம் சொன்னதையே சொன்னேன். அலுவலர் எழுதிக்கொண்டார். பிறகு வக்கீல் குரலைத் தாழ்த்தினார்: வீட்டிலிருந்தபடியே ஆலோசகர், பாதிச் சம்பளம், மனுவைத் திரும்பப் பெற்றால் போதும்.

"என் மேசை, என் வேலை, முழுச் சம்பளம்," என்றேன்.

அதுவரை பேசாதிருந்த முதலாளிக்கு அதுதான் தாங்கவில்லை. உண்மையிலேயே கண் கலங்கியது. "கூடப் பொறந்த அக்கா மாதிரி வச்சிருந்தேனே! அந்தச் செல்வி விசயத்துல நம்ம வீட்டு மனுசியா வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா, இன்னைக்கும் அந்த மேசையிலதானே இருந்திருப்பீங்க?"

அவருடைய வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். முதலாளியோ எல்லோரும் தமக்காகப் பரிதாபப்படுவார்கள் என்று சுற்றிலும் பார்த்தார்.

"இப்ப சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க சார்," என்றாள் நூர்ஜஹான், மிகப் பணிவாக. அலுவலர் அதற்குள் எழுதத் தொடங்கிவிட்டார்.

அடுத்த தேதி கார்த்திகையில். வேலை இன்னும் கைக்கு வரவில்லை. வெளியே வந்து தேநீர். நூர்ஜஹான் இரண்டு வடை, நான் ஒன்று.

மாலை செல்வியைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப நான் வேலையில இருந்தது அவர் வாயாலயே வந்துருச்சாம்மா?"

"ஏறக்குறைய. நாளைக்கு நீயும் ஆலை வாசலுக்கு வா."

"என்னைப் பாத்தா திட்டுவாங்கம்மா."

"திட்டட்டும். ரெண்டு பேரா நிப்போம்."

யோசித்தாள். பிறகு, "எத்தனை மணிக்கும்மா?"

எட்டு, என்றேன்.